முதலில் சொன்னவருக்கே தண்டனையா?

2003-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் வட்டாரத்தில் பப்பாளி மரங்கள் வித்தியாசமாக வாடத் தொடங்கின. இலையின் நடுநரம்பிலும் காம்பிலும் எண்ணெய் தடவியதுபோல் ஈரப்புள்ளிகள் தோன்றின. பிறகு இலைகள் மஞ்சளாகித் தொங்கின. குருத்து கருகிச் சாய்ந்தது. கடைசியில் தலையில்லாத கம்பம்போலத் தண்டு மட்டும் நின்றது. இதுதான் பப்பாளி நுனிக்கருகல் நோய். 2006-க்குள் அது தீபகற்பத்தின் பல மாநிலங்களுக்குப் பரவி, ஏறத்தாழ 800 ஹெக்டரில் சுமார் 10 லட்சம் மரங்களை அழித்தது. மார்டி 1987-இல் வெளியிட்ட 'எக்சோதிக்கா' ரகம் வெளிநாட்டுச் சந்தைகளில் மலேசியப் பப்பாளிக்கு நல்ல பெயர் வாங்கித் தந்திருந்தது. அந்த ரகம்தான் இந்த நோய்க்கு எளிதில் இரையானது.

நோய்க்குக் காரணம் எர்வினியா என்ற பாக்டீரியா. அதற்கு இறக்கை இல்லை. மழைத்துளி தெறிக்கும்போது பக்கத்து மரத்துக்குப் போகும். நோயுற்ற மரத்தில் பட்ட கத்தியைக் கழுவாமல் அடுத்த மரத்தில் வைத்தால் கத்தியோடு போகும். ஆனால் நூறு கிலோமீட்டர் தாண்ட வேண்டுமானால் பெரும்பாலும் மனிதன்தான் அதற்கு வாகனம். நாற்றிலும் லோரியிலும் கருவியிலும் நாமே அதைக் கொண்டுபோகிறோம். நாம் கொண்டுபோவதை நம்மால் நிறுத்தவும் முடியும். அதற்குத் தகவல் காலத்தோடு கிடைக்க வேண்டும்.

இந்த நோயைப் பற்றிய மலேசிய ஆய்வறிக்கை அனைத்துலக அறிவியல் இதழில் வெளிவந்தது 2008-இல். முதலில் 'எர்வினியா பப்பாயே' என்று கருதப்பட்ட கிருமி, உண்மையில் 'எர்வினியா மல்லோட்டிவோரா' என்ற இனம் என்று 2011-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இது ஆய்வாளர்களின் குறை இல்லை. கிருமியைப் பிரித்து வளர்த்து, மரபணுவைச் சோதித்து, நல்ல மரத்தில் ஏற்றி அதே நோய் வருகிறதா என்று பார்த்துத்தான் பெயர் வைக்க முடியும். ஆனால் பெயர் சூட்டும்வரை கிருமி காத்திருக்காது. ஆகவே, "என்னவென்று தெரியவில்லை, ஆனால் இங்கே புதிதாக ஏதோ வந்திருக்கிறது" என்று யாராவது முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டும்.

யார் சொல்வது? பூனைக்கு யார் மணி கட்டுவது? அன்றைக்கு யார், எப்போது, யாரிடம் சொன்னார்கள் என்று விசாரிப்பது என் நோக்கம் இல்லை. நீங்களே மூன்று ஏக்கர் பப்பாளித் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மரங்களில் ஈரப்புள்ளி தெரிகிறது. விவசாய இலாகாவிடம் சொன்னால் தோட்டம் முழுவதையும் வெட்டச் சொல்லலாம். வியாபாரி அந்தப் பக்கமே வரமாட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் உங்களைக் குற்றவாளிபோல் பார்ப்பார். சொல்லாமல் அந்த இரண்டு மரங்களை மட்டும் வெட்டிப் புதைத்துவிட்டால், மற்ற மரங்களின் பழத்தை விற்று வங்கித் தவணையைக் கட்டலாம். நீங்கள் என்ன செய்வீர்கள்?

உலக நாடுகளும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. தாவர நோய்களைத் தடுக்கும் அனைத்துலக ஏற்பாட்டில் ஆய்வகமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. அதைப் பலவீனப்படுத்துவது பயம். முதலில் சொல்பவர் நஷ்டப்படுகிறார், மறைப்பவர் கொஞ்ச நாளாவது தப்பிக்கிறார். இந்தக் கணக்கை மாற்றாமல் எத்தனை மாநாடு கூட்டினாலும் பயன் குறைவே.

காப்பி அழிந்தது, ரப்பர் பிழைத்தது

தாவர நோய் என்பது விவசாயிகளின் தனிப்பட்ட பிரச்சினை என்று நினைப்பவர்கள் நம் சமூகத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். 1869-இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்த ஒரு நோய் கண்டறியப்பட்டது. காப்பித் துரு நோய். 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்ற பூஞ்சை அதற்குக் காரணம். சுமார் இருபது ஆண்டுகளில் இலங்கையின் காப்பித் தொழிலே ஓய்ந்துபோனது. அந்த மலைகளில் தேயிலை ஏறியது. காப்பி பறிக்கும் பருவத்துக்கு மட்டும் தமிழகத்திலிருந்து வந்து திரும்பிய உழைப்பாளிகளின் இடத்தில், ஆண்டு முழுவதும் தோட்டத்திலேயே தங்கும் ஒரு சமூகம் உருவானது. ஒரு பூஞ்சை பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கையைத் திசைமாற்றியது. அந்தக் காலத்தில் காப்பி நோயைப் பற்றி ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கடமை எங்கும் இருக்கவில்லை.

ரப்பரின் கதை வேறு. 1876-இல் பிரேசிலிலிருந்து விதையாகப் போய், லண்டன் கியூ தோட்டத்தின் கண்ணாடி வீட்டில் முளைத்து, 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த சில கன்றுகளிலிருந்துதான் மலாயா ரப்பர் தொழிலின் வரலாறு தொடங்குகிறது. ரப்பரின் தாயகத்தில் அதன் கொடிய எதிரியும் இருந்தது. அதுதான் தென் அமெரிக்க இலைக்கருகல் நோய். இளம் இலைகளைத் திரும்பத் திரும்ப உதிரவைத்து மரத்தையே சாகடிக்கும் பூஞ்சை அது. கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்ட் 1928-இல் அமேசான் காட்டில் 'ஃபோர்ட்லாண்டியா' என்ற மாபெரும் ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். இந்த நோய் அதைச் சூறையாடியது. பெல்டெர்ரா என்ற இடத்தில் இரண்டாவது தோட்டம் போட்டும் பலனில்லை. 1945-இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டு ஃபோர்ட் நிறுவனம் வெளியேறியது.

அந்த நோய் இன்றுவரை ஆசியாவில் காலூன்றவில்லை. 1956-இல் தென்கிழக்காசிய, பசிபிக் வட்டாரத்துக்கென்று கையெழுத்தான தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையில் இந்த ஒரு நோயைத் தடுப்பதற்கென்றே தனிப் பின்னிணைப்பு சேர்த்தார்கள். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து ரப்பர் கன்றோ விதையோ கட்டுப்பாடில்லாமல் வரக்கூடாது என்று இந்த வட்டார நாடுகள் கூட்டாக முடிவெடுத்தன. கூட்டாக என்பதுதான் முக்கியம். நோய் பக்கத்து நாட்டில் நுழைந்திருந்தால் நம் கதவைப் பூட்டி மட்டும் என்ன பயன்? நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிகளும் பால்வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்ததற்குப் பின்னால், அவர்கள் கேள்விப்பட்டிராத இந்தத் தடுப்பும் இருந்தது.

உலக அளவில் இத்தகைய ஒத்துழைப்பு 1878-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கியது. ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளை அழித்த ஃபைலாக்செரா என்ற பூச்சியைத் தடுக்க அங்கே ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 1951-இல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனத்தின் கீழ் அனைத்துலகத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. இன்று 180-க்கும் மேற்பட்ட தரப்புகள் அதில் உறுப்பியம் பெற்றுள்ளன, மலேசியாவும் அதில் அடக்கம். தன் நாட்டில் புதிய பூச்சியோ நோயோ தோன்றினாலும், பரவினாலும், அது அண்டை நாடுகளுக்கோ வணிகப் பங்காளிகளுக்கோ ஆபத்தாகலாம் என்றால், தாமதமின்றித் தெரிவிப்பது உறுப்பு நாடுகளின் கடமை. எப்படித் தெரிவிப்பது என்பதை 2002-இல் வந்த 17-ஆம் எண் தரநிலை விளக்குகிறது. ஆக, விதிக்குப் பஞ்சமில்லை.

முத்திரை குத்துவது எளிது, வாய் திறப்பது கடினம்

பாசீர் கூடாங், தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகங்களிலிருந்து சரக்கு வரும் கிடங்குகளில் அடுக்கி வைத்திருக்கும் மரப் பலகைத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை சூடுபோட்டதுபோல் பதிந்திருக்கும். அந்த மரத்தின் உட்பகுதியும் 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்தது, அல்லது அதற்கு ஈடான வேறு சிகிச்சை பெற்றது என்பது அதன் பொருள். மரத்துக்குள் ஒளிந்திருக்கும் புழுவும் வண்டும் கண்டம் தாண்டாமல் இருக்க இந்த ஏற்பாடு. 1996-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் குடியிருப்பாளர் ஒருவர் தன் வீட்டருகே மரங்களில் யாரோ துளைபோட்டதுபோல் ஓட்டைகள் இருப்பதைக் கவனித்தார். சீனாவிலிருந்து சரக்குப் பெட்டி மரத்தில் வந்து சேர்ந்த நீளக்கொம்பு வண்டுகளின் வேலை அது. இப்படிப்பட்ட அனுபவங்களே முத்திரை விதிக்கு வழிவகுத்தன.

இந்த விதியை நாடுகள் பெரிய முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டன. காரணம், அது எல்லார்மீதும் ஒரே சுமையை வைக்கிறது. முத்திரை குத்துவதால் எவருக்கும் அவமானம் இல்லை. ஆனால் "எங்கள் தோட்டத்தில் நோய் வந்துவிட்டது" என்று அறிவிப்பது அப்படியா? சொன்ன நாட்டின் மீது மட்டும் சுமை விழுகிறது. கோவிட் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2021 நவம்பரில் ஓமிக்ரான் உருமாற்றத்தைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர்கள் தென்னாப்பிரிக்காவின் விஞ்ஞானிகள். அடுத்த சில நாள்களிலேயே பல நாடுகள் அந்த நாட்டுக்கான விமானக் கதவுகளை மூடின. திறமைக்கும் நேர்மைக்கும் கிடைத்த பரிசு அது. பயிர் நோயிலும் இதே ஆபத்து இருக்கிறது.

சொன்னவர்கள் எல்லாரும் கெட்டுப்போய்விடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வாழையைத் தாக்கும் டி.ஆர்.4 என்ற வாடல் பூஞ்சை 1990-களில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கேவண்டிஷ் வாழைத் தோட்டங்களை நாசமாக்கியது. மண்ணில் பல்லாண்டு உயிர்வாழும் அதற்கு இன்றுவரை மருந்தில்லை. அது 2019-இல் கொலம்பியாவின் லா குவஹிரா பகுதியில் தென்பட்டது. வாழை ஏற்றுமதியை நம்பியிருக்கும் அந்த நாடு மூடி மறைக்கவில்லை. ஆகஸ்டு மாதத்தில் வெளிப்படையாக அறிவித்து, தேசிய நெருக்கடி நிலையைப் பிரகடனப்படுத்தித் தோட்டங்களைத் தனிமைப்படுத்தியது. நோய் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் கொலம்பியா இன்றும் வாழை ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளில் ஒன்று.

தமிழகத்திலிருந்தும் ஒரு பப்பாளிக் கதை சொல்லலாம். மத்திய அமெரிக்க வட்டாரத்தைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று தாவியது. மல்பெரி இலை போனதால் பட்டுப்புழு வளர்த்தவர்களும் தவித்தார்கள். மருந்தடித்துச் சலித்தார்கள். இந்தப் பூச்சியை ஏற்கெனவே எதிர்கொண்டிருந்த அமெரிக்க வேளாண் துறை, போர்ட்டோ ரிக்கோவில் அதன் இயற்கை எதிரிகளான நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்து வைத்திருந்தது. 2010-இல் மூன்று வகைக் குளவிகள் அங்கிருந்து பெங்களூருக்கு வந்தன. பாதுகாப்புச் சோதனைகளுக்குப் பிறகு அவற்றைப் பெருக்கித் தமிழக வயல்களில் விட்டார்கள். மாவுப்பூச்சி வேகமாக அடங்கியது. பூச்சியின் பெயரை ஒரு நாடு சொன்னால்தான் அதன் எதிரியை இன்னொரு நாடு அனுப்ப முடியும். அறிவிப்பதன் லாபம் இதுதான்.

"பயிர் நோயைச் சாக்காக வைத்து வணிகத்தைத் தடுப்பார்கள்"

இப்படி ஓர் ஆட்சேபம் எழுவது நியாயமே. தன் விவசாயிகளைக் காப்பாற்ற, அடுத்த நாட்டுப் பழத்தில் ஏதாவது குறை கண்டுபிடிக்கும் வழக்கம் உலகில் உண்டு. அதனால்தான் உலக வணிக அமைப்பின் 1995-ஆம் ஆண்டு உடன்பாடு, தடை விதிப்பவர் அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும் என்கிறது. நாடு முழுவதையும் ஒதுக்காமல், நோயில்லாத பகுதி என்று நிரூபிக்கப்பட்ட இடத்திலிருந்து வாங்கலாம் என்ற கொள்கையையும் அது ஏற்கிறது. பத்து பகாட்டில் நோய் வந்தால் கிளந்தான் விவசாயி எதற்குத் தண்டிக்கப்பட வேண்டும்? ஆனால் ஒரு பகுதியில் நோய் இல்லை என்று நிரூபிக்க, எங்கே இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லியிருக்க வேண்டும். மறைத்த நாட்டின் "இல்லை" என்ற சொல்லை யார் நம்புவார்கள்?

மேலும், மறைப்பது நீண்ட நாள் நிலைக்காது. நாம் அனுப்பும் பெட்டியை அங்கே திறந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பூச்சி அவர்கள் கையில் சிக்கினால் நமக்கு அதிகாரபூர்வ அறிவிப்பு வரும். நாமே சொல்லியிருந்தால் அது தகவல். அவர்கள் கண்டுபிடித்தால் அது நம்பிக்கைத் துரோகம்.

இழப்பீடு என்றால் பொய்க் கணக்கு வரும் என்பது இன்னோர் ஆட்சேபம். வரலாம். ஆனால் பொய்க் கணக்கைச் சரிபார்க்கத் தோட்டத்துக்குப் போய் மரத்தை எண்ணினால் போதும். மறைத்த நோயைப் பிடிக்க மாநிலம் முழுவதும் ஓட வேண்டியிருக்கும். பயிர் விளைச்சலில் 40 விழுக்காடு வரை பூச்சிகளாலும் நோய்களாலும் ஆண்டுதோறும் வீணாகிறது என்பது உணவு, விவசாய நிறுவனத்தின் மதிப்பீடு. அதோடு ஒப்பிட்டால் இழப்பீடு சிறிய செலவு.

ஜொகூரில் என்ன செய்யலாம்?

முதலாவது, மரத்தை வெட்டச் சொல்லும் தாளிலேயே எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் என்பதும் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2005 முதல் அரசாங்கங்களும் பயிர்த் துறைகளும் சேர்ந்து ஓர் உடன்படிக்கை வைத்திருக்கின்றன. அவசர நோயை ஒழிக்கும் செலவை இரு தரப்பும் பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஒழிப்புப் பணியில் பயிரை இழக்கும் விவசாயிக்கு ஈட்டுத்தொகை தருவதும் அதில் அடக்கம். நாமும் அப்படி ஒன்றை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். நோய் வந்தபிறகு பேரம் பேச நேரம் இருக்காது. தானாக முன்வந்து சொன்னவருக்கு முழுத் தொகை, மறைத்துப் பிடிபட்டவருக்கு ஒன்றுமில்லை என்றிருந்தால், அந்த மூன்று ஏக்கர்க்காரரின் கணக்கு தலைகீழாக மாறிவிடும்.

இரண்டாவது, தகவல் சொல்லும் வழி எளிதாக வேண்டும். மூவாரிலும் குளுவாங்கிலும் பொந்தியானிலும் சிறுதோட்டம் வைத்திருப்பவர்கள் மலாய், சீனம், தமிழ் என்று பல மொழி பேசுபவர்கள். தோட்டத்தில் வேலை செய்யும் அந்நியத் தொழிலாளியின் கண்ணில்தான் முதல் புள்ளி படும். அவருக்கும் புரியும் மொழியில், படத்தோடு, ஒரே பக்கத்தில் எச்சரிக்கை அட்டை வேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்தை அனுப்பினால் சில நாள்களுக்குள் பதில் வரவேண்டும். பதில் வராத இடத்துக்கு யாரும் இரண்டாம் முறை தகவல் அனுப்பமாட்டார்கள்.

மூன்றாவது, பள்ளிகள். இதை ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் நுண்ணுயிர்களையும் உணவுச் சங்கிலியையும் பாடத்தில் படிக்கிறார்கள். அதே பாடத்தை வேலியோரத்து வாழையிலும் பப்பாளியிலும் பார்க்கச் சொன்னால் எவ்வளவு ஆர்வம் காட்டுகிறார்கள் என்பதை வகுப்பில் காண்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை ஒரே மரங்களைப் பார்த்து, இலையில் என்ன மாற்றம் என்று எழுதிவைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. ஜொகூரில் இருக்கும் அத்தனை பள்ளிகளும் அப்படிச் செய்தால் மாநிலம் முழுவதும் காவல் கண்கள் கிடைக்கும். புரூக்ளினில் வண்டைக் காட்டிக்கொடுத்ததும் ஒரு சாதாரணக் குடியிருப்பாளரின் கண்தானே.

உங்கள் பையில் என்ன இருக்கிறது?

அரசாங்கத்துக்குச் சொன்னது போதும், இனி நமக்கு. தமிழகம் போய்த் திரும்பும்போது மல்லிகைக் கொடி, ஒட்டு மாங்கன்று, வேரோடு பிடுங்கிய கறிவேப்பிலைச் செடி என்று பையில் வைத்துக் கொண்டுவரும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. ஊர் வாசனையைப் பிடித்துவைக்கும் ஆசைதான். கறிவேப்பிலையின் இளந்தளிரில் சில்லிடு என்ற கடுகளவுப் பூச்சி குடியிருக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பச்சையாதல் நோயைப் பரப்புவது அந்தப் பூச்சிதான். இந்த நோய் ஏற்கெனவே நம் நாட்டில் இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். அடுத்த செடியில் வருவது நம்மிடம் இல்லாத ஒன்றாக இருக்கலாம். ஒட்டியிருக்கும் மண்ணில் வேறு என்னென்ன வருகிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. செடி கொண்டுவர வேண்டுமென்றால் இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஜொகூர் பாலம் வழியாகப் போய்வருபவர்களுக்கும் இது பொருந்தும். இந்தத் தாள்கள் இல்லாவிட்டால் செடியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே நாற்றுப் பண்ணையில் நல்ல கறிவேப்பிலைக் கன்று கிடைக்கும்.

வீட்டுத் தோட்டத்திலோ பள்ளி வளாகத்திலோ இதுவரை பார்க்காத புள்ளி, புழு, வாடல் எதைக் கண்டாலும் படம் எடுங்கள். தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு அலையாதீர்கள், அதுவே நோயைப் பரப்பும். அருகிலுள்ள விவசாய இலாகா அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். பத்துமுறை சொன்னதில் ஒன்பது சாதாரணப் பூச்சியாக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் தன் மரத்தில் நோய் என்று வந்து சொன்னால், அவரைக் குற்றவாளிபோல் பார்க்காமல் நன்றி சொல்லுங்கள். உங்கள் மரத்தைக் காப்பாற்ற அவர் தன் மரத்தை இழக்கத் துணிந்திருக்கிறார்.